எட்டு கட்டைகளும் ஒரு தாளும்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு மூன்றே முக்கால் வயது. மழலையர் கல்வி பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைப் படித்துவிட்டு கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெலின் கட்டைப்பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே எட்டு சிறு மரக்கட்டைகள், கூடவே நாற்காலி, படிக்கட்டு, பாலம் என்று உருவங்கள் அச்சிட்ட ஒரு தாள். பெட்டியின் மேல் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் சிறுவயதில் விளையாடியது என்று போட்டிருக்கிறது. என் மகளோ தாளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கட்டைகளை வரிசையாக வைக்கிறாள், தட்டிவிடுகிறாள், ஒரு டப்பாவில் போட்டு வீடெல்லாம் தூக்கிக்கொண்டு அலைகிறாள். "இது என்ன?" என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறாள்.

பள்ளியில் தினமும் ஒரு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடிக்கிறாள், இரண்டு வரிக்குள் அழுகை. மற்ற குழந்தைகள் எல்லாம் எழுதுகிறார்களே என்கிறார் ஆசிரியை. ஃப்ரோபெல் முறை காலாவதியாகிவிட்டதா? மாண்டிசோரிப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா? எழுத்துப் பழக்க வரும் செல்பேசிச் செயலிகள் உதவுமா? விளையாட்டு வழிக் கல்வி என்பதெல்லாம் இந்தக் காலத்து நாகரிகம், அந்தக் காலத்தில் குழந்தைகள் ஒழுங்காக உட்கார்ந்து எழுதித்தான் படித்தார்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறதா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் அந்தத் தாளை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் கடிதம் வராவிட்டாலும் அந்தத் தாளைப் பற்றி எழுதத்தான் இருந்தேன். மழலையர் கல்வியின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழந்தைக்காகச் செய்த பொருள் கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு தாண்டியும் வந்துவிடுகிறது. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் காரணம் ஒரு தலைமுறையைக்கூடத் தாண்டுவதில்லை. பெட்டி வந்து சேர்ந்திருக்கிறது, காரணம் வரவில்லை. அதனால்தான் எட்டு கட்டைகளோடு சந்தோஷமாக இருக்கும் ஒரு குழந்தையைப் பார்த்து நீங்கள் கவலைப்படுகிறீர்கள்.

ரைட் கதையை விட்டுவிடுங்கள். அவருடைய தாய் 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் ஃப்ரோபெலின் பொருட்களைக் கண்டார், மகனுக்கு வாங்கிக் கொடுத்தார், பிற்காலத்தில் ரைட் அதை நன்றியோடு நினைவுகூர்ந்தார். எல்லாம் உண்மை. அதே கட்டைகளை அதே ஆண்டுகளில் அடுக்கிய எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் எழுத்தர்களாகவும் தச்சர்களாகவும் தாய்மார்களாகவும் வாழ்ந்து முடிந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கட்டைகள் பயன்பட்டிருக்கும். குழந்தை இன்னாராக வரவேண்டும் என்று கணக்குப் போட்டுப் பொம்மை வாங்குவதை நிறுத்துங்கள். செயலிகள் வேண்டாம். கண்ணாடித் திரையில் விரல் வழுக்குகிறது, தடையே இல்லை. எழுதக் கற்கும் கை தடையை உணர்ந்துதான் அழுத்தத்தைக் கற்கிறது. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

பெட்டிக்கு வருவோம்.

ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கியபோது அவருக்கு 55 வயது. அதற்கு முன் சுவிட்சர்லாந்தின் யுவர்டனில் கல்விச் சீர்திருத்தவாதி பெஸ்டலாட்சியின் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறார். பெர்லினில் வைஸ் என்ற படிகவியல் பேராசிரியரிடம் கனிமங்களை வகைபிரித்து அடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறார். அந்தப் படிகங்கள்தான் கட்டைகளுக்கு மூலம். ஒரு முழு உருவம், அதற்குள் ஒழுங்காக வெட்டக்கூடிய தளங்கள், வெட்டிய பகுதியிலும் அதே ஒழுங்கு. அவர் வரிசையாகச் செய்த பொருட்களைக் கொடைகள் என்று அழைத்தார். முதல் கொடை ஆறு நிறக் கம்பளிப் பந்துகள். இரண்டாவது மரத்தில் செய்த கோளம், உருளை, கனசதுரம். கனசதுரத்தின் ஒரு முகத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு வேகமாகச் சுழற்றினால் அதற்குள் ஓர் உருளை தெரியும். நின்றால் மறைந்துவிடும். இதைப் பார்க்கும் குழந்தை திரும்பத் திரும்பச் சுழற்றச் சொல்லும்.

உங்கள் கையில் இருப்பது மூன்றாவது கொடை. இரண்டு அங்குலக் கனசதுரம், மூன்று திசையிலும் நடுவில் ஒரே ஒரு வெட்டு. அதனால் ஓரங்குலக் கட்டைகள் எட்டு. பெட்டியின் மூடி ஏன் இழுத்துத் திறக்கும் மூடியாக இருக்கிறது தெரியுமா? மூடியைக் கால்வாசி இழுக்க வேண்டும். பெட்டியை அப்படியே மேசையில் கவிழ்க்க வேண்டும். மூடியை முழுக்க உருவிவிட்டு, பெட்டியை இரு கையாலும் நேராக மேலே தூக்க வேண்டும். மேசையில் ஒரு முழுக் கனசதுரம் நிற்கும். குழந்தை முதலில் பார்ப்பது அந்த முழுமையை. பிறகு தொடும்போது அது பிரியும். பிரித்ததை என்னவாக வேண்டுமானாலும் ஆக்கலாம். முடித்ததும் எட்டையும் சேர்த்து மறுபடி கனசதுரமாக்கி, பெட்டியை அதன்மேல் இறக்கி, மூடியை அடியில் செருகித் திருப்பினால் வேலை முடிந்தது. ஒரு கட்டை காணாமல் போயிருந்தால் யாரும் சொல்லவேண்டியதில்லை. மூலையில் ஒரு பள்ளம் தெரியும், குழந்தையே தேடிப் போகும். நீங்கள் கட்டைகளைத் தரையில் கொட்டித்தானே கொடுத்தீர்கள்? பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். கொட்டிய குவியலில் முழுமை என்ற ஒன்று இருந்ததே குழந்தைக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சரிபாருங்கள். எட்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுக்கோடு மெலிதாகத் தெரியும்படி ஒட்டி நிற்கிறதா? இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் பாதுகாப்புக்கென்று விளிம்புகளை ரொம்பவும் மழுக்கிவிடுகிறார்கள். அப்படி மழுக்கினால் கனசதுரம் எட்டு உருண்டைகளை ஒட்டவைத்ததுபோல் நிற்கும், முழுசாகத் தெரியாது. முனை குத்தாத அளவுக்கு உப்புத்தாள் போட்டால் போதும். கட்டைக்கு ஒரு நிறம் என்று சாயம் பூசியதாக இருந்தாலும் வீண். குழந்தை நிறத்தைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கிவிடும், வடிவம் பின்னால் போய்விடும்.

இந்த எட்டைக் கொண்டு மூன்று வகையாக விளையாடலாம் என்றார் ஃப்ரோபெல். முதலாவது வாழ்க்கை வடிவங்கள்: நாற்காலி, கிணறு, வாசல். இரண்டாவது அறிவு வடிவங்கள். கனசதுரத்தை இரண்டாகப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு: மேல் கீழாக, இடம் வலமாக, முன் பின்னாக. மூன்றிலும் பாதிக்கு நான்கு கட்டைகள்தான் வரும், பாதியின் தோற்றம் மட்டும் மாறும். மறுபடி பிரித்தால் இரண்டு இரண்டு, பிறகு ஒன்று ஒன்று. இந்தப் பிரிவினையைக் கை செய்து பார்த்திருக்கும், எண் பிறகு வந்து சேரும். மூன்றாவது அழகு வடிவங்கள். நான்கு கட்டைகளை நடுவில் சதுரமாக வைத்து, மற்ற நான்கையும் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி வையுங்கள். ஒட்டிய நான்கையும் ஒரே திசையில் சுற்றுவதுபோல் அரை அங்குலம் நகர்த்துங்கள். உருவம் காற்றாடிபோல் திரும்பும். இன்னொரு அரை அங்குலம் நகர்த்தினால் வேறொன்று. ஒன்றைக் கலைக்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும், எட்டில் ஒன்றும் மிச்சமாகக் கிடக்கக் கூடாது. இவை இரண்டும் அவர் வலியுறுத்திய விதிகள்.

இவ்வளவு யோசித்துச் செய்த மனிதர் குழந்தைகளைக் கையைப் பிடித்துக் கூட்டமாக ஆடியும் பாடியும் வைத்திருந்தார். 1840இல் அந்த இடத்துக்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். 1851இல் பிரஷ்ய அரசு அதைத் தடைசெய்தது. அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெலின் சோஷலிசக் கருத்துகளை இவர் தலையில் சுமத்திவிட்டார்கள். மறு ஆண்டே ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை நீங்கியது 1860இல்.

உங்கள் தாளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. அச்சிட்ட உருவத் தாள்களை ஃப்ரோபெலே தன் பெட்டிகளோடு கொடுத்திருக்கிறார். தாயும் ஆசிரியையும் என்னென்ன சாத்தியம் என்று தெரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணம். ஆனால் வரிசை, விதி, ஒன்றிலிருந்து ஒன்று என்று அவர் மூச்சுக்கு முந்நூறு தடவை எழுதிவைத்ததில், பின்னால் வந்தவர்களுக்கு விதி மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 1869இல் கிண்டர்கார்டன் கையேட்டை அச்சிட்டது, கொடைகளையும் தயாரிக்கத் தொடங்கியது. செயின்ட் லூயிஸ் நகரில் சூசன் ப்ளோ 1873இல் அரசுப் பள்ளிக்குள் கிண்டர்கார்டனைக் கொண்டுவந்தார். பெரிய சாதனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓர் அறையில் ஐம்பது அறுபது குழந்தைகள், பயிற்சிப் பள்ளியில் இருந்து நேரே வந்த இளம் ஆசிரியைகள், மேசைமேல் ஓரங்குலக் கட்டம் கட்டமாகக் கோடுகள். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கட்டளைப் பாடம் பிறந்தது.

கட்டளைப் பாடம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். பெட்டியைக் கோட்டின்மேல் வை. கவிழ். மூடியை எடு. பெட்டியைத் தூக்கு. மேல்வரிசையின் வலது பக்க இரண்டு கட்டைகளை எடு. உன்னிடமிருந்து இரண்டு கட்டம் தள்ளி வை. கையைக் கட்டு. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் எழும், ஒரே நேரத்தில் இறங்கும். கடைசியில் ஐம்பது மேசையிலும் ஐம்பது நாற்காலிகள், ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல். பார்வையாளர்களுக்கு வெகு அழகாக இருக்கும். அந்த ஐம்பதில் ஒரு குழந்தைகூட நாற்காலி கட்டவில்லை என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன். ஆசிரியை ஒரு நாற்காலி கட்டினார், ஐம்பது ஜோடிக் கைகளைக் கொண்டு. குழந்தை கேட்டது இடம் வலத்தை, எண்ணிக்கையை. எந்தக் கட்டை எதைத் தாங்கும், எது சரியும், ஏன் சரியும் என்று அது யோசிக்க இடமே வைக்கவில்லை. ஒரு கட்டையைத் தப்பாக வைத்துப் பார்க்கும் உரிமை போய்விட்டால் அந்தக் கட்டையால் ஒன்றும் கற்க முடியாது. உங்கள் தாளும் இதே கட்டளைதான், சத்தம் போடாத கட்டளை. அதில் சரியான விடை அச்சாகிவிட்டது, மீதி எல்லாம் தப்பு. உங்கள் மகள் அதைத் திரும்பிப் பார்க்காததற்கு நீங்கள் சந்தோஷப்பட வேண்டும்.

கட்டையோடு நிற்கவில்லை. காகிதத்தில் ஊசியால் துளையிடும் வேலை, அட்டையில் நூல் கோக்கும் வேலை, காகிதப் பின்னல் என்று கைவேலைகள் ஒரு பெரிய வரிசை. கட்டம் போட்ட தாளில் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் சரியாகக் குத்த வேண்டும். நான்கு வயதுக் குழந்தையின் தோளும் முழங்கையும் ஆடி ஓடி வலுப்பெற வேண்டிய நேரத்தில் விரல்நுனிக்கும் கண்ணுக்கும் இப்படி ஒரு வேலை. உளவியலாளர் ஸ்டான்லி ஹால் இதைத்தான் கடுமையாகக் கண்டித்தார். பெரிய தசை முதலில், சிறிய தசை பிறகு என்ற பேச்சு அமெரிக்கக் கிண்டர்கார்டன்களுக்குள் புகுந்தது அப்போதுதான்.

உள்ளிருந்தே முதலில் எதிர்த்தவர் லூயிவில் நகரின் அன்னா பிரையன். 1890இல் ஆசிரியர் சங்க மாநாட்டில், ஃப்ரோபெலின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு உயிரைக் கொல்கிறோம் என்று பேசினார். அவரிடம் பயின்ற பேட்டி ஸ்மித் ஹில் கட்டைகளை மேசையிலிருந்து தரைக்கு இறக்கினார். ஒரு குழந்தை தனியாகத் தூக்க முடியாத நீளத்தில் பலகைகள், தூண்கள். இன்னொரு குழந்தையைக் கூப்பிட்டே ஆகவேண்டும், பேசியே ஆகவேண்டும். பழைய அணியும் புது அணியும் சமரசம் காண 19 பேர் குழு ஒன்று போட்டார்கள். பத்தாண்டு பேசி 1913இல் அறிக்கை வெளியிட்டார்கள். ஒன்றாக எழுத முடியாமல் மூன்று தனித்தனி அறிக்கைகள். பழைய அணியின் ப்ளோ கடைசி வரை அசையவில்லை.

அடுத்து கரோலின் ப்ராட். நியூயார்க்கில் 1914இல் விளையாட்டுப் பள்ளி தொடங்கியவர், மரவேலை தெரிந்தவர். இன்று உலகெங்கும் நல்ல மழலையர் வகுப்புகளில் காணும் சாயமில்லாத தரைக்கட்டைகள் அவர் வகுத்தவை. ஓர் அலகு, அதாவது ஒரு முழுக்கட்டை, 1⅜ அங்குல கனம், 2¾ அங்குல அகலம், 5½ அங்குல நீளம். ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நான்கு. இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை, இரண்டு முழுக்கட்டை சேர்ந்தால் ஓர் இரட்டைக்கட்டை. இதோடு தாளும் கிடையாது, கட்டளையும் கிடையாது. பாலத்தின் ஒரு பக்கத்துக்கு முழுக்கட்டை தீர்ந்துபோனால் இரண்டு அரைக்கட்டை போடலாம் என்று குழந்தையே கண்டுபிடிக்கும். இது நடக்க வேண்டுமானால் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். மலிவான கட்டைகளில் கனம் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கும். ஒற்றைக் கட்டையில் அது தெரியாது. எட்டு அடுக்கு ஏறும்போது ஒரு தூண் மற்றதைவிட எட்டு மில்லிமீட்டர் வரை உயர்ந்து, மேலே வைக்கும் பலகை ஆடும். சரியாகச் செய்தும் சரிந்துவிழுந்தால் குழந்தை தன்மேல்தான் பழி போட்டுக்கொள்ளும். வாங்கும்போது ஒரே வகைக் கட்டை இரண்டைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மேலே விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் வாங்காதீர்கள்.

உங்கள் மகள் செய்வதற்கு வருகிறேன். நியூயார்க்கில் மழலையர் பள்ளி நடத்திய ஹாரியட் ஜான்சன், குழந்தைகள் கட்டைகளை என்ன செய்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக் குறித்துவைத்து, 1933இல் ஏழு படிகளாக எழுதினார். முதல் படி சும்மா தூக்கிக்கொண்டு அலைவது. ஆமாம், டப்பாவில் போட்டு வீடெல்லாம் அலைவதேதான். எடை, சத்தம், கைக்கு எத்தனை அடங்கும் என்பதெல்லாம் அப்போது தெரிகிறது. இரண்டாவது, வரிசையும் கோபுரமும். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். மூன்றாவது பாலம்: இரண்டு கட்டையை இடைவெளி விட்டு வைத்து மேலே மூன்றாவதைப் போடுவது. நான்காவது, நான்கு பக்கமும் அடைத்து ஓர் இடத்தை உள்ளே பிடிப்பது. ஐந்தாவது ஒழுங்கமைப்பு, இடமும் வலமும் ஒன்றுபோல் வரும் அலங்காரங்கள். ஆறாவதில்தான் கட்டியதற்குப் பெயர் வைக்கத் தொடங்குகிறார்கள், அதுவும் பெரும்பாலும் கட்டி முடித்த பிறகு. ஏழாவதில்தான் கண்ட கட்டடத்தைப் பார்த்துக் கட்டுவது.

உங்கள் தாள் கேட்பது ஏழாவது படியை. நீங்கள் "இது என்ன?" என்று கேட்பது ஆறாவது படியை. அவள் இரண்டாவது படியில் இருக்கிறாள். பதில் இல்லாத கேள்வியைக் கேட்டால் எழுந்து போகாமல் என்ன செய்வாள்? இவை வயதுக்கணக்கும் இல்லை. முன்பு கட்டைகளே தொடாத ஐந்து வயதுக் குழந்தையும் முதல் படியில்தான் தொடங்கும், வேகமாக ஏறிவிடும். தட்டிவிடுவதும் ஒரு சோதனை. தானே ஏற்றியதைத் தானே இறக்கிப் பார்ப்பது. அடுத்தவர் கட்டியதைத் தட்டினால் மட்டும் தடுங்கள்.

இனி உங்கள் வீட்டுப் பெரியவர்கள். அந்தக் காலம் என்றால் எந்தக் காலம்? ஸ்காட்லாந்தின் நியூ லானார்க்கில் பஞ்சாலை நடத்திய ராபர்ட் ஓவன், தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்கென்று 1816இல் பள்ளி திறந்தார். நெசவாளி ஜேம்ஸ் புக்கானனையும் மோலி யங் என்ற 17 வயதுப் பெண்ணையும் ஆசிரியர்களாக வைத்தார். இருவரும் படிப்பாளிகள் இல்லை. எந்தக் குழந்தையையும் அடிக்கக் கூடாது, கடுஞ்சொல் கூடாது, புத்தகத்தைக் கொண்டு தொல்லைப்படுத்தக் கூடாது, தானாகக் கேட்டால் மட்டும் சுற்றியுள்ள பொருட்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது உத்தரவு. ஆட்டமும் பாட்டும்தான் பாடம். இருநூறு ஆண்டுக்கு முந்தைய செய்தி இது. இந்தக் காலத்து நாகரிகம் என்று சொல்லவே முடியாது.

பெரியவர்கள் சொல்லும் உட்கார்ந்து படித்த காலமும் உண்டு. அது பிறகு வந்தது. புக்கானனைப் பார்த்து லண்டனில் 1820இல் பள்ளி தொடங்கிய சாமுவேல் வில்டர்ஸ்பின் நூற்றுக்கணக்கான குழந்தைகளை ஒரே கூடத்தில் வைத்துக்கொள்ளப் படிப்படியான இருக்கை வரிசைகளைக் கையாண்டார். விளையாட்டு மைதானத்தை வலியுறுத்தியவரும் அவர்தான். ஆனால் எல்லோரும் எடுத்துக்கொண்டது படிக்கட்டு இருக்கைகளை. ஒரே ஆள் இருநூறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் செலவு மிச்சம் அல்லவா? அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1905இல் இங்கிலாந்தில் பள்ளிகளைப் பார்வையிட்ட பெண் ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கையில் பார்க்கலாம். அவர்களில் ஒருவரான கேத்தரின் பாதர்ஸ்ட் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் பள்ளிநாளை விவரிக்கிறார். கடினமான மரப்பலகை. கால் தரைக்கு எட்டவில்லை. முதுகு சாய இடமில்லை. கையைக் கட்டி அசையாமல் இரு என்ற கட்டளை. சுற்றிலும் அதேபோல் மிரண்டுபோன வேறு குழந்தைகள். அதைப் படித்த நிர்வாகிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பலகையை வெளியே எடுக்கவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்க்க மறுக்கலாம் என்று அதிகாரம் கொடுத்தார்கள், குழந்தைகள்தான் வெளியே போனார்கள். இருட்டு அறைகளுக்கும் தெருவுக்கும். அவர்களுக்காக மக்மில்லன் சகோதரிகள் லண்டனின் டெப்ட்ஃபோர்டில் திறந்தவெளி மழலையர் பள்ளி தொடங்க 1914 ஆயிற்று. தோட்டம், குளியல், உணவு, தூக்கம், பிறகுதான் மற்றது. அந்தக் காலத்தைப் புகழும் எவரும் அந்த அறிக்கையின் நான்கு பக்கத்தையாவது படித்துவிட்டுப் பேசட்டும்.

பென்சில் விஷயம். கோபம் வருகிறது, அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். பிடிமானம் ஒரு வரிசையில் வருகிறது. முதலில் கைமுட்டிப் பிடி, தோளிலிருந்து அசைவு. பிறகு உள்ளங்கை கீழ்நோக்கிய விரல்பிடி, முழங்கையிலிருந்து அசைவு. மூன்றரை, நான்கு வயதில் மூன்று விரல் பிடி வரும், ஆனால் அசைவது கை முழுவதும். விரல்கள் மட்டும் அசைந்து எழுதுவது நாலரையிலிருந்து ஆறு வயதுக்குள்தான். உருவம் வரைவதும் அப்படியே: வட்டம் மூன்று வயதில், கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரையில், முக்கோணம் ஐந்தில். ‘ட’ எழுத ஒரு நிற்கும் கோடும் ஒரு படுக்கும் கோடும் போதும். ‘அ’ எழுதச் சுழியிட்டு, வளைந்து, குறுக்கே போய், கீழே இறங்க வேண்டும். மூன்றே முக்கால் வயதில் முட்டிப்பிடி பிடிக்கும் குழந்தையை அதைப் பக்கம் நிறைய எழுதவைத்தால் தோளால் எழுதுவாள், வலிக்கும், அழுவாள். அவளிடம் குறை எதுவும் இல்லை. அந்த ஒரு பக்க வீட்டுப்பாடத்தை இன்றே நிறுத்துங்கள். மற்ற குழந்தைகள் எழுதுகிறார்கள் என்கிறாரே ஆசிரியை, அவர்களில் எத்தனை பேர் எப்படிப் பிடித்து எழுதுகிறார்கள் என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள். அவசரத்தில் படிந்த தவறான பிடி பிறகு எளிதில் மாறாது.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம் தெரியாமலேயே அவர் பெயரைப் பலகையில் மாட்டுகிறார்கள். ரோமின் சான் லொரென்ஸோவில் 1907 ஜனவரி 6 அன்று திறந்த குழந்தைகள் இல்லத்தில் அவர் எழுத்தைப் பென்சிலிலிருந்து தொடங்கவில்லை. கையை ஒரு பக்கம், எழுத்தின் வடிவத்தை ஒரு பக்கம், ஒலியை ஒரு பக்கம் என்று பிரித்தார். மரத்துளைகளில் பொருந்தும் உருளைகளின் தலையில் சிறு குமிழ். அதைத் தூக்கக் கட்டைவிரலும் இரு விரல்களும் வேண்டும், எழுதும் பிடி அங்கே தயாராகிறது. உலோகச் சட்டத்துக்குள் வண்ணப் பென்சிலால் கோடு ஓட்டி, உருவத்தை இணைகோடுகளால் நிரப்புவது அழுத்தத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும். உப்புத்தாள் எழுத்துகளைச் சுட்டுவிரலும் நடுவிரலும் கொண்டு, எழுதும் திசையிலேயே தடவி, ஒலியைச் சொல்வது வடிவத்துக்கு. வெட்டிய எழுத்துகளை எடுத்து வைத்துச் சொல் கோப்பது, எழுதும் கையின் சுமை இல்லாமல். முதல் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள் மொட்டைமாடியில் சிறுவன் ஒருவன் புகைபோக்கியைச் சாக்கட்டியால் தரையில் வரைந்து முடித்ததும், திடீரென்று ‘கை’ என்ற சொல்லை இத்தாலிய மொழியில் எழுதினான், பிறகு ‘புகைபோக்கி’ என்று எழுதினான், எனக்கு எழுத வருகிறது என்று கத்தினான். யாரும் எழுதச் சொல்லவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு ஆயத்தப் பயிற்சி தொடங்கியதிலிருந்து முதல் சொல் எழுத ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் ஆகிறது என்று அவரே குறித்திருக்கிறார். உப்புத்தாள் எழுத்துகளைச் சுவரில் வரிசையாக மாட்டி, மேல் விளிம்பில் தூசு படிந்திருந்தால் அங்கே மாண்டிசோரி இல்லை.

வீட்டில் இப்போதைக்கு இவ்வளவு போதும். மெழுகு வண்ணக்குச்சிகளை ஓரங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் முட்டியில் அடங்காது, விரல்நுனி தானாக வரும். தாளை மேசையில் வைக்காமல் அவள் கண் உயரத்துக்குச் சுவரில் ஒட்டுங்கள். நின்று வரைந்தால் மணிக்கட்டு பின்னால் வளைந்து நிற்கும், அதுதான் எழுதும்போது வேண்டிய நிலை. களிமண் பிசையட்டும், ஈரத்துணி பிழியட்டும். கட்டைகளை நான் சொன்னபடி பெட்டியைக் கவிழ்த்து முழுசாகக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஏதாவது கட்டுங்கள், பேசாமல். அவள் பார்ப்பாள். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. எட்டு கட்டை சில மாதங்களில் போதாமல் போகும், அப்போது அலகுக் கட்டைகளுக்குப் போங்கள்.

பள்ளியை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெயர்ப்பலகையைப் பார்க்காமல், வகுப்பு நடக்கும்போது ஒரு பத்து நிமிடம் வாசலில் நிற்க அனுமதி கேளுங்கள். அனுமதிக்கவில்லை என்றால் அடுத்த பள்ளி. அனுமதித்தால் குழந்தைகளின் கால்களைப் பாருங்கள், தரையில் படுகிறதா என்று. அலமாரியின் மேல்தட்டு குழந்தையின் கைக்கு எட்டுகிறதா, பொருட்கள் தேய்ந்து அழுக்கேறி இருக்கின்றனவா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் நல்லது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றையே செய்கிறார்களா என்று கவனியுங்கள். ஒரு குழந்தை செய்ததைத் தானே கலைத்துவிட்டு மறுபடி தொடங்கும்போது ஆசிரியையின் கை எங்கே இருக்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் கை குறுக்கே வராத பள்ளியில், அது எந்த முறைப் பள்ளியாக இருந்தாலும், சேர்த்துவிடலாம்.